டிஸ்கோவைக் கீழிருந்து கேட்பது எப்படி

ஃபோன் ஸ்பீக்கரில் டிஸ்கோ கேட்காதீர்கள். கீழே நான் சொல்லப்போகிற வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். ஃபோனுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் தர முடியாது, கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியோ 41 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. 1978, 79-ல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த டிஸ்கோ பாட்டுகளில் எது மொத்தப் பாட்டையும் தோளில் சுமக்கிறதோ அது உங்கள் காதுக்கு வந்தே சேராது. குரலும் வயலினும் மட்டும் வரும். அதைக் கேட்டுவிட்டு ஒரே கத்தலாக இருக்கிறதே என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

நானும் வெகுநாள் அப்படித்தான் கேட்டேன். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்தில் பொள்ளாச்சி பார்த்த ஓரம். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம். கல்ஃப் பெட்டி வந்து இறங்காத தெருவே இந்தப் பக்கம் கிடையாது, எங்கள் வீட்டுக்கும் மாமா ஷார்ஜாவிலிருந்து டூ-இன்-ஒன் என்ற ரேடியோ-கேசட் பெட்டி ஒன்றும் பத்துப் பன்னிரண்டு கேசட்டும் கொண்டுவந்தார். அதில் பீ ஜீஸ் இருந்தது, டோனா சம்மர் இருந்தார். அந்த டூ-இன்-ஒன்னில் ஸ்பீக்கர் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. கீச்சென்று உச்சத்தில் ஆண்கள் பாடும் பாட்டு என்றுதான் டிஸ்கோவைப் பற்றி என் மனதில் பதிந்திருந்தது.

அப்புறம் ஒருநாள் வேலந்தாவளம் ரோட்டில் ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணனின் குடோனுக்குப் போயிருந்தேன். கோவில் சீசன் தொடங்குமுன் பெட்டிகளை எல்லாம் இறக்கி ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். 18 இஞ்ச் பேஸ் பெட்டி இரண்டை மட்டும் இணைத்து, மேல்சுரங்களைத் தரும் 'டாப்' பெட்டி எதையும் இணைக்காமல், எதையோ ஓட விட்டார். பாட்டே இல்லை. மூன்று அடி, ஒரு சின்ன மௌனம், அப்புறம் படியேறுகிற மாதிரி ஒரு நடை. திரும்பத் திரும்ப அதே. மேஜைமேல் இருந்த காலி டீ டம்ளர் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்தது, நான் கையால் பிடித்தேன், விரலுக்குள் அந்த நடை அப்படியே ஓடியது. "அண்ணே, இது என்ன பாட்டு?" என்றேன். டாப்பை இணைத்தார். 'குட் டைம்ஸ்'. மாமா கேசட்டில் நூறு தடவை கேட்ட பாட்டு. அண்ணன் சொன்னார், "இதுதான் தம்பி பாட்டு. மேலே இருக்கறதெல்லாம் தோரணம்."

அன்றிலிருந்து நான் டிஸ்கோவைக் கீழிருந்துதான் கேட்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கருவி. காதை முழுதாக மூடும் வயர் ஹெட்ஃபோன் ஒன்று போதும், விலை கூடியது வேண்டாம். வீட்டில் ஹோம் தியேட்டர் செட் இருந்தால் இன்னும் நல்லது. அதன் பேஸ் பெட்டியைத் தரையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் சத்தம் கூடும், ஆனால் எல்லாச் சுரமும் ஒரே 'பும்'மாகக் குழம்பிவிடும். ஃபோனிலோ ஆம்பிலோ பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பேஸ் கிட்டார் வாசிப்பதை உங்களால் வாயால் முனக முடிய வேண்டும். ஏற்ற இறக்கம் தெரிந்தால் சரி. ஒரே சுரத்தில் இடிக்கிற மாதிரி கேட்டால் பெட்டியை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள்.

அடுத்து எண்ணுவது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது சுலபம், ஏனென்றால் செண்டை மேளம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செண்டையில் முன்வரிசைக்காரர் உருட்டி விளையாடும்போது பின்வரிசையில் வீக்கன் செண்டையும் இலத்தாளமும் காலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லையா? டிஸ்கோவிலும் அந்தப் பின்வரிசை உண்டு. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், அதாவது கிக், ஒவ்வொரு அடியிலும் விழும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு அடிக்கு நடுவே ஹை-ஹாட் என்ற சின்னத் தாளத் தட்டு 'ட்ஸ்' என்று திறந்து மூடும். இந்த 'ட்ஸ்' பாணியைப் பிரபலமாக்கியவர் ஃபிலடெல்ஃபியாவின் டிரம்மர் ஏர்ல் யங். வலது கையால் தொடையில் நாலு அடியும் தட்டுங்கள், நடுவில் இடது கை விரலைச் சொடுக்குங்கள். கை தானாக ஓட ஆரம்பிக்கும்வரை வேறு எதையும் கவனிக்காதீர்கள்.

இதைப் பழக 'ஸ்டேயின் அலைவ்' எடுத்துக்கொள்ளுங்கள். பீ ஜீஸ் பாட்டு, 1978 பிப்ரவரி தொடங்கி 4 வாரம் அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம். 15 விநாடிக்கு அடியை எண்ணி 4-ஆல் பெருக்குங்கள், 104-க்குப் பக்கத்தில் வரும். அமெரிக்காவில் இதயத் துடிப்பு நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைச் சொல்லித்தர இந்தப் பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் வேண்டும், பாட்டின் வேகம் அதற்குள் சரியாக அமர்கிறது.

இந்தப் பாட்டின் டிரம்மைக் கவனித்தால் ஒன்று பிடிபடும். அது கொஞ்சம்கூட மாறாது. பிரான்ஸில் ஒலிப்பதிவு நடந்தபோது டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணமாக ஊருக்குப் போக வேண்டி வந்தது. காத்திருக்க முடியவில்லை. அதனால் அவர் 'நைட் ஃபீவர்' பாட்டுக்கு ஏற்கெனவே வாசித்து வைத்திருந்ததில் இரண்டே தாளவட்டத்தை நாடாவில் பிரதி எடுத்து, வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்டாண்டைச் சுற்றிப் போட்டு ஓட விட்டார்கள். வளையம் சுற்றச் சுற்ற அதன்மேல் பாட்டு கட்டப்பட்டது. இசைத்தட்டில் டிரம்மர் பெயர் வேண்டுமே என்று 'பெர்னார்டு லூப்' என்று போட்டார்கள். அப்படி ஒரு ஆளே கிடையாது, லூப் என்றால் அந்த வளையம்தான். சரி, இதையே 'நைட் ஃபீவர்' பாட்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், அதே அடி அங்கே மனிதக் கையோடு உயிர்த்து நெகிழ்வதும் இங்கே இறுகி நிற்பதும் தெரியும். இந்த இரண்டும் இருக்கும் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' ஆல்பம் 1978-ல் தொடர்ந்து 24 வாரம் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது.

கை பழகிவிட்டதா, இனி 'குட் டைம்ஸ்'. ஷிக் குழு, 1979. பேஸ் வாசித்தவர் பெர்னார்டு எட்வர்ட்ஸ், கிட்டார் நைல் ராட்ஜர்ஸ், டிரம்ஸ் டோனி தாம்சன். என்னைக் கேட்டால் அந்தக் காலத்து மொத்தப் பாட்டிலும் இதற்கு மேல் ஒன்று கிடையாது. இதை நாலு தடவை கேளுங்கள், ஒரே நாளில் வேண்டாம். முதல் தடவை பேஸை மட்டும்: அந்த மூன்று அடி, மௌனம், அப்புறம் நடை. அந்த மௌனம் முக்கியம். அங்கே எட்வர்ட்ஸ் கையை எடுத்துவிடுகிறார், கிக் மட்டும் தனியாக நிற்கிறது, நம் உடம்பு அந்த இடத்தில்தான் முன்னால் சாய்கிறது. இரண்டாம் தடவை ராட்ஜர்ஸின் கிட்டார். தேங்காய் துருவுகிற மாதிரி 'சக்கு சக்கு' என்று ஓடும். வலது கை நிற்காமல் மேலும் கீழும் போகும், இடது கை கம்பியை அழுத்தி விடுவித்து எந்த அடி ஒலிக்க வேண்டும், எது வெறும் உரசலாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும். மூன்றாம் தடவை வயலின்களும் பியானோவும். நாலாம் தடவைதான் பாடுகிறவர்கள். அந்த நாலாம் தடவையில் குரல்கள் எதன்மேல் நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நாலாம் தடவை கேட்ட மாலையே இன்னும் இரண்டு பாட்டை வரிசையாகப் போடுங்கள். ஷுகர்ஹில் கேங்கின் 'ராப்பர்ஸ் டிலைட்', 1979. அதே பேஸ் நடையை வேறு வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசிக்கச் சொல்லி, அதன்மேல் பேச்சை ஓட விட்டார்கள். ராப் இசை அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலுக்குள் முதல் 40-க்குள் நுழைந்தது அந்த முதுகில் ஏறித்தான். அடுத்தது குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. இங்கிலாந்து ராக் குழுதான், ஆனால் 1980 அக்டோபரில் அமெரிக்காவில் 3 வாரம் முதலிடம். பேஸ் வாசித்த ஜான் டீக்கன்தான் எழுதியவரும். அந்த ஆரம்ப மூன்று அடியைக் கேட்டதும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல உங்களுக்கு யாரும் தேவைப்பட மாட்டார்கள்.

இனி எந்தப் பதிப்பைக் கேட்பது என்ற விஷயம், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தப் பாட்டுகள் ரேடியோவுக்கு மூன்றரை, நாலு நிமிடமாகச் சின்ன 7 இஞ்ச் தட்டில் வந்தன. ஆனால் அவை ஆடுமிடங்களுக்காகச் செய்யப்பட்டவை, அங்கே ஓடியது 12 இஞ்ச் தட்டு. டாம் மோல்டன் என்ற ஒலிக்கலவை நிபுணருக்கு ஒருநாள் சின்ன வெற்றுத் தட்டு கிடைக்காமல் ஒரே பாட்டைப் பெரிய தட்டில் வெட்டிப் பார்த்தார்கள், தட்டின் பள்ளங்களை அகலமாக வெட்ட இடம் கிடைத்ததால் ஒலியும் பேஸும் எகிறின. 1976-லிருந்து 12 இஞ்ச் தட்டு கடையில் விற்பனைக்கே வந்துவிட்டது. நீளப் பதிப்பில் நடுவே ஒரு இடம் வரும்: பாடுகிறவர் ஒதுங்கிவிடுவார், வயலின் போய்விடும், டிரம்மும் பேஸும் மட்டும் நிற்கும், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். 'குட் டைம்ஸ்' ஆல்பத்தில் 8 நிமிடம், இந்த இடம் அதன் வயிற்றில் இருக்கிறது. சின்னப் பதிப்பை மட்டும் கேட்டால் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்புவதுதான்.

ஆப்பில் தேடும்போது 'டிஸ்கோ ஹிட்ஸ்' என்று வரும் கதம்பத் தொகுப்புகளைத் தொடாதீர்கள். அதில் பல பாட்டு, அதே பாடகர் பல வருடம் கழித்துப் புதிதாகப் பாடி மலிவாகப் பதிந்தது, டிரம் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டதாக இருக்கும். ரீமாஸ்டர் என்றிருந்தால் பரவாயில்லை, அது பழைய நாடாவைத் துடைத்தது. ரீ-ரெகார்டட் என்றிருந்தால் வேண்டாம். ஆல்பத்தின் பெயரைப் போட்டே தேடுங்கள்: ஷிக்கின் 'செ ஷிக்' 1978, 'ரிஸ்கே' 1979, குளோரியா கேனரின் 'லவ் டிராக்ஸ்' 1978, டோனா சம்மரின் 'பேட் கேர்ள்ஸ்' 1979, மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் த வால்' 1979, டயானா ராஸின் 'டயானா' 1980. இந்த ஆறு ஆல்பம் ஆறு மாதத்துக்குப் போதும்.

காலவரிசையில் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது 1979 ஜனவரி 20 முதல் ஏப்ரல் 7 வரையிலான பட்டியல். அந்த 12 வாரமும் முதலிடத்தில் நாலே பாட்டுதான்: ஷிக்கின் 'லே ஃப்ரீக்', ராட் ஸ்டீவர்ட்டின் 'டா யா திங்க் ஐம் செக்ஸி', குளோரியா கேனரின் 'ஐ வில் சர்வைவ்', பீ ஜீஸின் 'டிராஜெடி'. வரிசையாகப் போட்டால் அரை மணிக்குள் முடிந்துவிடும். 'லே ஃப்ரீக்' அதற்கு முந்தைய டிசம்பரிலேயே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மூன்று தவணையில் மொத்தம் 6 வாரம் முதலிடம் பிடித்தது. அது பிறந்த கதை: 1977 டிசம்பர் 31 இரவு, பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்திருக்கிறார் என்று ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 என்ற ஆடுமிடத்துக்குப் போனார்கள், வாசலில் உள்ளே விடவில்லை. வீட்டுக்குத் திரும்பிக் கோபத்தில் வாத்தியத்தை எடுத்து, வாசல்காரனைத் திட்டும் கெட்ட வார்த்தையையே பல்லவியாகப் போட்டு வாசித்தார்கள். அப்புறம் அந்த வார்த்தையை மாற்றி 'ஃப்ரீக் அவுட்' ஆக்கினார்கள். பல்லவி வருமிடத்தில் கிட்டாரைக் கேளுங்கள், அந்தக் கோபம் இன்னும் சூடாக இருக்கிறது.

'ஐ வில் சர்வைவ்' தட்டின் பின்பக்கத்தில் போடப்பட்ட பாட்டு. கம்பெனி முன்பக்கம் வேறொன்றை வைத்திருந்தது, டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். மேடையில் விழுந்து முதுகில் அறுவை சிகிச்சை ஆகி, முதுகுப் பட்டையோடு நின்று கேனர் அதைப் பாடினார். ஆரம்பத்தில் பியானோ அருவி மாதிரி கொட்டும், அப்புறம் தாளமே இல்லாமல் அவர் நாலு வரி பாடுவார். அந்த நேரத்தில் தொடையில் கை தயாராக இருக்கட்டும். கிக் உள்ளே வரும் நொடியில் தலைகுனிந்து பேசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து நிற்கிறாள், அதைச் சொல்வது வரியல்ல, அந்த மிதி. சிறந்த டிஸ்கோ பதிவுக்கு கிராமி விருது ஒரே ஒரு வருடம்தான் கொடுத்தார்கள், 1980-ல், அது இந்தப் பாட்டுக்குப் போனது.

ஜூலை 12, 1979 அன்று சிகாகோவில் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் நடந்ததையும் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் 98 சென்ட்டுக்கு உள்ளே போகலாம் என்று ஒரு ரேடியோக்காரரும் மைதானத்தாரும் அறிவித்தார்கள், இரண்டு ஆட்டத்துக்கு நடுவே அந்தத் தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி, இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போயிற்று. கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்க மக்களும், ஓரினச் சேர்க்கையாளர்களும் தங்களுக்கென்று உண்டாக்கிய இசை இது, அதைக் குவித்து வெடித்துக் கைதட்டினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனது ஆறுவதில்லை. அதே வாரம் ஜூலை 14 தேதியிட்ட பட்டியலில் டோனா சம்மரின் 'பேட் கேர்ள்ஸ்' முதலிடத்துக்கு ஏறி 5 வாரம் இருந்தது. ஆகஸ்ட் 18-ல் 'குட் டைம்ஸ்', ஒரே வாரம். ஆகஸ்ட் 25-ல் த நேக் என்ற ராக் குழுவின் 'மை ஷரோனா' வந்து 6 வாரம் உட்கார்ந்துகொண்டது.

டிஸ்கோ அதோடு செத்தது என்று எழுதுவார்கள். நம்பாதீர்கள், உங்கள் தொடையையும் விரலையும் வைத்துப் பாருங்கள். 1979 அக்டோபரில் முதலிடம் 'டோன்ட் ஸ்டாப் டில் யூ கெட் இனஃப்': மைக்கேல் ஜாக்சன் முணுமுணுத்துக்கொண்டே இருக்க அடியில் லூயிஸ் ஜான்சனின் பேஸ் பதுங்கி நடக்கும், அப்புறம் எல்லாம் ஒரேயடியாகத் திறக்கும். 1980 ஜனவரியில் 'ராக் வித் யூ' 4 வாரம். மே கடைசியிலிருந்து லிப்ஸ் இங்க் குழுவின் 'ஃபங்கிடவுன்' 4 வாரம். செப்டம்பரில் டயானா ராஸின் 'அப்சைட் டவுன்' 4 வாரம், அதைச் செய்தவர்கள் அதே எட்வர்ட்ஸும் ராட்ஜர்ஸும். டிஸ்கோ என்ற பெயரைச் சொல்லக் கூசினார்கள், அவ்வளவுதான். மிதி நிற்கவேயில்லை.

கை வாசிப்பையும் மெஷினையும் பிரித்தறிய ஒரு பயிற்சி உண்டு. டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்', 1977, ஜார்ஜியோ மோரோடர் மோக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் செய்தது. அமெரிக்காவில் 6-ஆம் இடம்வரைதான் வந்தது, இருந்தாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. பேஸ் முழுக்க மெஷின், தையல் மெஷின் ஊசி மாதிரி ஒரே சீர். அடுத்து பிளாண்டியின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்', 1979 ஏப்ரலில் முதலிடம், அதில் ரோலண்ட் சிஆர்-78 தாள மெஷினும் டிரம்மரும் சேர்ந்து ஓடுவார்கள். கடைசியாக மறுபடி ஷிக், முழுக்க மனிதர்கள். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு வாரத்தில் காது பிரித்துச் சொல்லிவிடும்.

போனி எம் எங்கே என்று கேட்பீர்கள். நம் ஊரில் டிஸ்கோ என்றாலே போனி எம்தான், எனக்கும் பிடிக்கும், கல்யாண வீட்டில் கேட்டால் கால் ஆடும். ஆனால் அது ஜெர்மனியில் செய்த இசை, அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கு அது போனதே இல்லை. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

வீட்டில் பழைய கேசட் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். எடுத்ததும் ஓட விடாதீர்கள், முதலில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருமுறை சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள், ஒட்டியிருக்கும் நாடா பிரியும். நாடாவை அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருந்தால் வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பாட்டு அலைகிற மாதிரி கேட்டால் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்ற வேண்டும். அப்புறம் அந்த டூ-இன்-ஒன்னின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயர் எடுத்துப் பெரிய ஆம்பில் கொடுங்கள். மாமாவின் கேசட்டை நான் அப்படித்தான் அண்ணன் குடோனில் ஓட விட்டேன். நாடாவில் கொஞ்சம் இரைச்சல் இருந்தது, வயலின் மங்கியிருந்தது, ஆனால் பேஸ் அத்தனையும் அதற்குள்ளேயே இருந்தது. மாமாவும் வந்திருந்தார். இரண்டு உள்ளங்கையையும் பேஸ் பெட்டியின் பலகைமேல் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றார்.